3 ஜிபி ரேம் காலி, ஆனாலும் திரைக்கு இடமில்லையாம்: 8100 பக்கங்களின் கணக்கு

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி, 4 ஜிபி ரேம். கடையில் விலைப்பட்டியல் காட்டும் திரைக்காக ஓடுகிறது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போடவில்லை. பொதுவான லினக்ஸ் ஒன்றும், அதன் மையப் பகுதியான சொந்தக் கெர்னலும்தான் இருக்கின்றன. 1080பி மானிட்டர் இருந்தவரை ஒரு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. போன வாரம் அதைக் கழற்றிவிட்டு 4கே டிவி மாட்டியிருக்கிறீர்கள். பூட் ஆகும்போது எழுத்துகள் ஓடுகின்றன, அப்புறம் திரை கறுத்துவிடுகிறது. கெர்னல் லாகில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: சிஎம்ஏ (தொடர்ச்சியான மெமரி தரும் ஏற்பாடு, விளக்கம் கீழே) ஒதுக்கீடு தோல்வி, கேட்ட அளவு 8100 பக்கங்கள், திரும்பிய எண் -12. மெமரி நிலவரம் காட்டும் ஃப்ரீ கட்டளையோ 3 ஜிபிக்கு மேல் காலி என்கிறது. யாரோ சொன்னார்கள் என்று ஸ்வாப்பைக் கூட்டியாயிற்று, ஜிபியு மெமரி அமைப்பை 512 ஆக்கியாயிற்று. இனி 8 ஜிபி போர்டு வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்காதீர்கள். 8 ஜிபி போர்டிலும் இதே வரி, இதே எண்ணோடு வரும். ஏன் என்று பார்க்கும் முன் அந்த ஜிபியு மெமரி 512ஐ நீக்கிவிடுங்கள். அது உதவாதது மட்டுமில்லை, உங்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கக் கூடியது. காரணம் பிறகு வரும்.

இந்த மாதிரிப் பிழை வந்தால் பெரும்பாலானோர் பார்ப்பது "மெமரி இல்லை" என்ற பாதியைத்தான். எந்த மெமரியில் இல்லை, எவ்வளவு கேட்டபோது இல்லை என்பது அதே வரியில் எழுதியிருக்கும். உங்கள் விஷயத்தில் விடை முழுவதும் அந்த 8100க்குள் இருக்கிறது. ஒரு பக்கம் என்பது 4096 பைட். 8100ஐ 4096ஆல் பெருக்கினால் 3,31,77,600. இப்போது 3840 பிக்சல் அகலம், 2160 உயரம், பிக்சலுக்கு 4 பைட் என்று பெருக்கிப் பாருங்கள். அதே 3,31,77,600. அதாவது டிரைவர் கேட்டது சரியாக ஒரே ஒரு 4கே ஃப்ரேமுக்கான இடம். மர்மமான கசிவோ, பைத்தியம் பிடித்த நிரலோ இல்லை. ஒரு படத்தை வைக்க ஓர் இடம் கேட்டிருக்கிறது, கிடைக்கவில்லை.

3 ஜிபி காலியாக இருக்கும்போது 32 எம்பி ஏன் கிடைக்கவில்லை?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கூடம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இருநூறு இலை காலி. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வருகிறார்கள், அவர்கள் ஒரே வரிசையில் அடுத்தடுத்துத்தான் உட்காருவார்கள். இருநூறு காலி இலை இருந்தும் அவர்களுக்கு இடமில்லை. உங்கள் பையின் திரைப் பகுதி அந்த மாப்பிள்ளை வீட்டார்தான்.

சாதாரண நிரல்களுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. அவை கேட்கும் 32 எம்பி, ரேம் முழுக்க எட்டாயிரம் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கலாம். சிபியுவுக்குள் இருக்கும் எம்எம்யு என்கிற முகவரி மாற்றி அவற்றைக் கோத்து, ஒரே தொடர் போலக் காட்டிவிடும். பை 4இல் முப்பரிமாணப் படம் வரையும் வி3டி பகுதிக்கும் சொந்தமாக ஓர் எம்எம்யு உண்டு. ஆகவே விளையாட்டுகளின் டெக்ஸ்சர்கள் சிதறிக் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் வரைந்து முடித்த ஃப்ரேமை ரேமிலிருந்து படித்து எச்டிஎம்ஐ கம்பிக்கு அனுப்புகிற பகுதி வேறு. எச்விஎஸ் என்பார்கள். அதற்கு முன்னால் எம்எம்யு இல்லை. தொடக்க முகவரியை மட்டும் கொடுத்தால், அங்கிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். நடுவில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களையும் படமாக நினைத்துத் திரையில் காட்டிவிடும். அதனால் டிரைவர் தொடர்ச்சியான இடத்தைத்தான் கேட்டாக வேண்டும்.

லினக்ஸின் வழக்கமான ஒதுக்கீட்டு முறையால் இதைத் தர முடியாது. 4 கேபி பக்கங்களோடு ஓடும் கெர்னலில், அது ஒரே தொடராகத் தரக்கூடிய அதிகபட்சம் பொதுவாக 4 எம்பி. 32 எம்பி அதன் சக்திக்கு அப்பாற்பட்டது. இதற்காகத்தான் சாம்சங் பொறியாளர்கள் எழுதிய சிஎம்ஏ என்ற ஏற்பாடு 2012இல் 3.5 கெர்னலில் சேர்ந்தது. பூட் ஆகும்போதே ரேமில் ஒரு நீளமான வரிசையை ஒதுக்கி வைத்துவிடும். சும்மா வைத்திருந்தால் வீண் அல்லவா? ஆகவே மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை அந்த வரிசையில் மற்றவர்களும் உட்காரலாம், ஆனால் எழுப்பினால் எழுந்து வேறு இடம் போய்விட வேண்டும் என்பது நிபந்தனை. இடம் மாற்றக்கூடிய பக்கங்களை மட்டுமே கெர்னல் அங்கே உட்கார விடும்.

இப்போது உங்கள் வரிசையின் நீளத்தைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பூட் லாகின் ஆரம்பத்தில், மொத்த மெமரியைச் சொல்லும் வரியின் கடைசியில், சிஎம்ஏவுக்கு ஒதுக்கியது 65536கே என்று இருக்கிறது. அதாவது 64 எம்பி. லினக்ஸின் மூலக் கெர்னலோடு வரும் ராஸ்பெர்ரி பை வன்பொருள் விவரக் கோப்பில் எழுதியிருக்கும் இயல்பான அளவு அதுதான். ராஸ்பெர்ரி பை ஓஎஸ், அந்த விவரத்தின் மேல் திருத்தம் போடும் தன் ஓவர்லே கோப்பு மூலம் இதைக் கூட்டிக்கொள்ளும். நீங்கள் அதைப் போடாததால் மூல அளவே நிற்கிறது.

64 எம்பியில் 32 எம்பி ஃப்ரேம் இரண்டு போகுமே என்று தோன்றும். பக்கக் கணக்கிலும் போகும் போலத்தான் தெரியும். மொத்தம் 16384 பக்கம், இரண்டு ஃப்ரேமுக்கு 16200. ஆனால் நடைமுறையில் போகாது. சிஎம்ஏ பெரிய ஒதுக்கீடுகளை, வழக்கமான கெர்னல் அமைப்பில், 1 எம்பி எல்லைக் கோடுகளில்தான் ஆரம்பிக்கும். ஒரு 4கே ஃப்ரேம் 31.64 எம்பி. எனவே அது 1 எம்பி கட்டங்களில் 32ஐத் தொட்டுவிடுகிறது. இருப்பது 64 கட்டம். இரண்டு ஃப்ரேம் உள்ளே போக வேண்டுமென்றால் அந்த வரிசையில் வேறு ஒருவருமே இருக்கக் கூடாது. ஆனால் திரை டிரைவர் எழுவதற்கு முன்பே வேறு ஏதோ ஒரு டிரைவர் நாலைந்து பக்கம் வாங்கி முதல் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் முதல் ஃப்ரேம் இரண்டாவது கட்டத்தில் ஆரம்பிக்கிறது, இரண்டாவது ஃப்ரேம் 34ஆவது கட்டத்தில் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. மிச்சம் 31 கட்டம். தேவை 31.64. முடிந்தது கதை. சில கிலோபைட்டுக்காக 32 எம்பி வெளியே நிற்கிறது.

நீங்கள் பார்த்த அறிகுறியும் இதோடு அப்படியே பொருந்துகிறது. பூட் எழுத்துகள் காட்டும் கன்சோல் ஒரு ஃப்ரேம் வாங்கிக்கொள்கிறது. அது கிடைத்ததால் எழுத்துகள் தெரிந்தன. அடுத்து வரைகலைச் சூழல் எழுந்து தனக்கென்று ஒரு ஃப்ரேம் கேட்கிறது. இல்லை. திரை கறுப்பு. பழைய மானிட்டரில் ஏன் ஓடியது? 1080பி ஃப்ரேம் 2025 பக்கம், 8 கட்டம். கன்சோலுக்கு ஒன்று, முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிக் காட்ட இரண்டோ மூன்றோ, எல்லாம் போக மிச்சமும் இருந்திருக்கும்.

அடுத்து, நீங்கள் ஏற்கனவே செய்து பார்த்தவை ஏன் பலிக்கவில்லை என்று. ஸ்வாப் என்பது சாதாரணப் பக்கங்களை வெளியேற்ற உதவும் இடம். திரை படித்துக்கொண்டிருக்கும் ஃப்ரேமை வெளியேற்ற முடியாது, 64 எம்பி வரிசையை ஓர் அங்குலம்கூட நீட்டவும் முடியாது. 8 ஜிபி போர்டும் அப்படித்தான். பை 4இல் சில சாதனங்களால் முதல் 1 ஜிபியை மட்டுமே தொட முடியும். எனவே மூலக் கெர்னல் சிஎம்ஏ வரிசையை அந்த முதல் 1 ஜிபிக்குள்ளேயே போடுகிறது. மேலே எத்தனை ஜிபி கூட்டினாலும் இந்த வரிசைக்குச் சம்பந்தமில்லை.

ஜிபியு மெமரி அமைப்பு இன்னும் வேடிக்கை. பெயரைப் பார்த்தால் இதற்கென்றே வைத்தது போல இருக்கிறது. உண்மையில் அது பையின் கிராஃபிக்ஸ் பகுதியான வீடியோகோரின் ஃபர்ம்வேருக்கு, அதாவது அதற்குள் ஓடும் நிரலுக்கு, கொடுக்கும் பங்கு. பழைய பை போர்டுகளில் ஃபர்ம்வேரே திரையை ஓட்டியபோது அதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது திரையை ஓட்டுவது லினக்ஸின் விசி4 டிரைவர். அது அந்தப் பங்கிலிருந்து ஒரு பைட்டும் எடுப்பதில்லை, முப்பரிமாணப் பகுதியும் எடுப்பதில்லை. பை 4இல் இயல்பான அளவு 76 எம்பி. அதை 512 ஆக்கினால், முதல் 1 ஜிபியின் மேல் பாதியை அப்படியே வெட்டி ஃபர்ம்வேரிடம் கொடுத்துவிடுகிறீர்கள். சிஎம்ஏ வாழ வேண்டியதும் அதே 1 ஜிபியில்தான். ஆகவே சிஎம்ஏவைப் பெரிதாக்கப் போகும்போது இடநெருக்கடியை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள். இந்த ஆலோசனை பல வருடமாகக் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. பை 4இல் இப்படிக் கெர்னலே திரையை ஓட்டும் கேஎம்எஸ் டிரைவர் வைத்திருக்கும் ஒருவருக்கு அது உதவியதை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, வைத்தியம். கெர்னலுக்குப் பூட் நேரத்தில் கொடுக்கும் கட்டளை வரியில் சிஎம்ஏ=256எம் என்பது போலச் சேர்க்க வேண்டும், உங்களுக்கான எண்ணைக் கீழே கணக்கிடுவோம். படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் சிஎம்ஏ என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் போடுங்கள், எண்ணையடுத்து வரும் எம் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி வேண்டாம். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்கள் கான்ஃபிக் கோப்பில் விசி4-கேஎம்எஸ்-வி3டி ஓவர்லே வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்து சிஎம்ஏ-256 என்பது போல வேண்டிய அளவைச் சேர்த்தால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். கட்டளை வரியில் இருந்தால் புதிய கெர்னல்கள் மற்றதைப் புறக்கணித்துவிடும். பிறகு ஓவர்லேயில் என்ன மாற்றினாலும் ஏன் எடுபடவில்லை என்று அரை நாள் தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்காமல் கூட்டிப் பாருங்கள். 4கே ஃப்ரேம் ஒன்று 32 எம்பி என்று வைத்துக்கொள்வோம். கன்சோலுக்கு ஒன்று, காட்டுவதற்கு மூன்று, ஆக 128. விலைப்பட்டியல் வெறும் படமும் எழுத்தும் என்றால் 192 கொடுத்தால் தாராளம். ஆனால் நடுவில் 4கே விளம்பர வீடியோவும் ஓடும், எச்இவிசி முறையில் சுருக்கிய அதை வன்பொருள் டிகோடர் விரிக்கும் என்றால் கணக்கு மாறும். டிகோடருக்கும் இதே வரிசையில்தான் இடம். விரித்த வீடியோவில் ஒரு பிக்சலுக்கு ஒன்றரை பைட், எனவே ஒரு 4கே ஃப்ரேம் கிட்டத்தட்ட 12 எம்பி. டிகோடர் முந்தைய ஃப்ரேம்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்ததை விரிக்கும் என்பதால் பத்து ஃப்ரேமாவது கையில் வைத்திருக்கும். அது 120. மொத்தம் 248. 256 போட்டால் விளிம்பில் நிற்பீர்கள். 320 போடுங்கள்.

அதற்காக 1 ஜிபி என்று போட்டுவிடாதீர்கள். முதல் 1 ஜிபிக்குள் அடங்காவிட்டால் கெர்னல், ஒதுக்க முடியவில்லை என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, சிஎம்ஏவே இல்லாமல் எழுந்திருக்கும். அப்போது இருந்த கன்சோலும் போய்விடும். அந்த நிலைமைக்கு வந்துவிட்டால் பதற வேண்டாம், எஸ்டி கார்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டு வரியைத் திருத்துங்கள். 4 ஜிபி போர்டில் 512 வரை கொடுப்பதில் பெரிய நஷ்டமில்லை, காலியாக இருக்கும்போது மற்ற நிரல்கள் அங்கே உட்காரும் என்று சொன்னேன் அல்லவா. ஆனால் 512 எம்பி ரேம் உள்ள ஜீரோ 2 போர்டில் 256 கொடுத்தால் வேறு வகையில் மாட்டிக்கொள்வீர்கள். கெர்னல் தன் சொந்த வேலைக்கு வாங்கும் பக்கங்கள் இடம் மாற்ற முடியாதவை. அவை அந்த வரிசையில் உட்காரவே முடியாது. சிஎம்ஏவில் இடம் இருக்க, வெளியே மெமரி தீர்ந்துபோய், கெர்னல் நிரல்களைக் கொல்ல ஆரம்பிக்கும்.

மாற்றிய பிறகு, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன் மாற்றம் எடுபட்டதா என்று பாருங்கள். ப்ராக் கோப்பகத்தில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பின் கடைசிப் பகுதியில் சிஎம்ஏ மொத்தம், சிஎம்ஏ காலி என்று இரண்டு வரி இருக்கும். மொத்தம் 327680 கேபி என்று வந்தால் 320 எம்பி கிடைத்துவிட்டது. காலி என்ற வரியைப் பார்த்து அலற வேண்டாம். அது குறைவாக இருந்தால் கடன் வாங்கி உட்கார்ந்தவர்கள் அதிகம் என்றுகூட அர்த்தம், அவர்களை எழுப்ப முடியும். அதேபோல அது அதிகமாக இருப்பதும் தொடர்ச்சியாக இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. இந்த எண்ணை ஒரு தடவை பார்ப்பதில் பயன் குறைவு. மணிக்கு ஒருமுறை எழுதி வைத்துப் போக்கைப் பார்ப்பதில்தான் பயன்.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலுக்கு 4கே எதற்கு? டிவிக்கு 1080பி அனுப்பினால் அதுவே பெரிதாக்கிக் காட்டிக்கொள்ளும். ஐந்தடி தள்ளி நின்று தக்காளி விலை படிப்பவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஃப்ரேம் நாலில் ஒரு பங்காகும், பை 4இல் 4கே இயல்பாக 30 ஹெர்ட்ஸில்தான் ஓடும் என்ற தொல்லையும் இருக்காது, போர்டும் சூடாகாது. சிஎம்ஏவைத் தொடாமலேயே முடிந்துவிடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் இதைத்தான் செய்வேன்.

இப்போது -12 பற்றி. அதே வரியில் சிலருக்கு -16 என்று வரும். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். -12 வந்தால் வரிசையில் அவ்வளவு நீளத்துக்கு ஒதுக்கப்படாத இடமே இல்லை. -16 வந்தால் இடம் இருக்கிறது, ஆனால் கடன் வாங்கி உட்கார்ந்த ஒருவர் எழ மறுக்கிறார். பந்தியில் சும்மா உட்கார்ந்தவரை எழுப்பலாம், பாயசத்தில் கை வைத்தவரை எப்படி எழுப்புவது? ஏதோ ஒரு சாதனம் அந்தப் பக்கத்தில் நேரடியாக எழுதிக்கொண்டிருக்கலாம், அல்லது மெதுவான எஸ்டி கார்டுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கலாம். -16க்கு சிஎம்ஏவைக் கூட்டுவது ஓரளவுக்கே உதவும். அங்கே செய்ய வேண்டியது, மெமரி நெருக்கடியைக் குறைப்பது, பெரிய ஃப்ரேம்களை நிரல் தொடங்கும்போதே ஒருமுறை வாங்கிக்கொண்டு கடைசிவரை விடாமல் வைத்திருப்பது. தற்காலிகச் சேமிப்பைக் காலி செய்யும் ட்ராப் கேச்சஸ் கட்டளையைக் கொடுத்ததும் சரியாகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். சரியானால் நோய் இதுதான் என்று உறுதியாகும். சோதனைக்கு மட்டும் அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை க்ரான் என்ற நேரம் பார்த்து ஓட்டும் கருவியில் ஓடவிட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கார்டு மெதுவாகிவிட்டது என்று பிறகு வேறொரு கேள்வியோடு வருவார்கள்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அது நாள் கழித்து வரும். முதல் நாள் நன்றாக ஓடும், இரண்டு வாரம் கழித்து அதே -12 வரும். இது எங்கள் கையாலேயே நடந்தது. காத்திருப்போர் அறையில் டோக்கன் எண் காட்டும் திரைக்கு, பை 3இல், நாங்களே ஒரு நிரல் எழுதினோம். திரையின் கீழே ஒரு விளம்பரப் படம், காலை ஒன்று மாலை ஒன்று மாறும். சிஎம்ஏ 256 கொடுத்திருந்தோம். சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரை உறைந்துபோகும், யாராவது பிளக்கைப் பிடுங்கிச் செருகுவார்கள், மறுபடி இரண்டு வாரம் ஓடும். மின்சாரக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். யூபிஎஸ்கூட மாற்றினோம்.

கடைசியில் சிஎம்ஏ காலி எண்ணை மணிக்கு ஒருமுறை எழுதவிட்டபோது படிக்கட்டு மாதிரி இறங்கியது, நாளுக்கு இரண்டு படி, படிக்கு 8 எம்பி. விசி4 டிரைவர் பை 3இல் ஒரு நல்ல காரியம் செய்கிறது. டீபக் கோப்பு முறையில், டிஆர்ஐ கோப்பகத்துக்குள், பிஓ ஸ்டாட்ஸ் என்ற கோப்பில் எந்த வகை பஃபர் (படத்துக்காக வாங்கிய மெமரித் துண்டு) எத்தனை, எவ்வளவு என்று பெயர் போட்டு எழுதி வைக்கும். ஒதுக்கீடு தோற்றால் முதலில் தான் சேர்த்து வைத்திருக்கும் பழைய பஃபர்களைக் கழித்துவிட்டு மறுபடி முயலும், அதிலும் தோற்றால் இதே பட்டியலை லாகிலும் கொட்டும். எங்கள் பட்டியலில் டம்ப் என்ற வகையில் இருபதுக்கு மேல் பஃபர், ஒவ்வொன்றும் 8100 கேபி. இருக்க வேண்டியது மூன்று. படம் மாறும்போது பழைய ஃப்ரேம்பஃபரை நீக்கினோம், ஆனால் அதன் அடியில் இருந்த டம்ப் பஃபரை அழிக்கச் சொல்ல மறந்துவிட்டோம். ஃப்ரேம்பஃபர் வெறும் பெயர்ப்பலகை, பெயர்ப்பலகையைக் கழற்றினால் வீடு காலியாகாது. ஒரே ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது. (எங்கள் 8100 கேபி, உங்கள் 8100 பக்கம். எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 4கே என்பது 1080பியின் நான்கு மடங்கு, பக்கம் என்பது 4 கேபி. அதனால் எண் அப்படியே வந்து உட்காருகிறது.)

பை 3 பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அதன் வீடியோகோர் 4இல் முப்பரிமாணப் பகுதிக்கும் எம்எம்யு கிடையாது. ஆகவே டெக்ஸ்சர், வெர்டெக்ஸ், ஷேடர் என்று எல்லாமே சிஎம்ஏவிலிருந்துதான். அந்த போர்டில் பிரவுசரைத் திறந்து நாலு டேப் வைத்தாலே ஒதுக்கீடு தோற்கலாம். மேலே போட்ட ஃப்ரேம் கணக்கு மட்டும் அங்கே போதாது.

மேசைக் கணினியில் இதே மாதிரி செய்தி பார்த்து இங்கே வந்தவர்களுக்குச் சுருக்கமாக, ஏனென்றால் அங்கே வரிசையும் வேறு வைத்தியமும் வேறு. ஏஎம்டி டிரைவர், கட்டளை சமர்ப்பிக்க மெமரி போதவில்லை என்று சொன்னால், அது விஆர்ஏஎம் (கார்டின் சொந்த மெமரி), ஜிடிடி என்ற இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டுச் சொல்கிறது. ஜிடிடி என்பது கிராஃபிக்ஸ் கார்டு பயன்படுத்த அனுமதித்த சாதாரண ரேம். ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் என்றால் பயாஸில் யுஎம்ஏ அளவை, அதாவது ரேமிலிருந்து கிராஃபிக்ஸுக்குக் கொடுக்கும் பங்கை, கூட்டிப் பார்க்கலாம். என்விடியா டிரைவர் பூட் நேரத்திலேயே பார்1 0எம் என்று எழுதினால் கார்டில் மெமரி தீரவில்லை. கார்டின் மெமரியைச் சிபியு பார்ப்பதற்கான ஜன்னலுக்குப் பயாஸ் முகவரியே தரவில்லை. 4ஜிக்கு மேல் டிகோடிங் என்ற அமைப்பை இயக்குங்கள், இல்லையென்றால் கெர்னலுக்கு பிசிஐ=ரீஅலாக் கொடுத்துப் பாருங்கள். 32 பிட் லினக்ஸை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு விமலாக் இடம் (கெர்னல் தன் வேலைக்கு வைத்திருக்கும் முகவரிப் பகுதி) தீர்ந்தது என்று வரும். அங்கே இயல்பாக இருப்பதே 128 எம்பி முகவரி வெளிதான். கூட்டலாம், 64 பிட்டுக்கு மாறுவது மேல்.

உங்களிடம் திரும்பி வருகிறேன். ஜிபியு மெமரி வரியை நீக்குங்கள். ஸ்வாப் இருந்துவிட்டுப் போகட்டும். முதலில் டிவியை 1080பியில் வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். 4கேதான் வேண்டுமென்றால் சிஎம்ஏவை 320 ஆக்குங்கள். அதற்குப் பிறகும் கறுத்தால் நான்கு விஷயம் அனுப்புங்கள்: பூட் லாகில் சிஎம்ஏ என்று வருகிற எல்லா வரிகளும், மெம்இன்ஃபோவின் அந்த இரண்டு வரி, தோல்வி வரியில் உள்ள பக்க எண், அது -12ஆ -16ஆ என்பது. திரையைச் செல்போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், கறுப்புத்தான் தெரியும்.